இருமிக் காட்டச் சொன்னார்கள்

மகன் பிறந்து நாற்பது கழிந்து, தலை முழுகி, மறுபடி தொழத் தொடங்கிய அன்றே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நெற்றியை நிலத்தில் வைக்கக் குனிந்தபோது தொடையில் ஒரு சூடு இறங்கியது. இரண்டு மூன்று சொட்டுச் சிறுநீர்தான். தொழுகையை முறித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். கழுவி, துணி மாற்றி, முகம் கை கால் கழுவி மறுபடி ஒழு எடுத்து வந்து பாயில் நின்றேன். மறுபடி குனிந்தேன். மறுபடி அதே சூடு.

மகன் எனக்கு இரண்டாவது பிள்ளை, பிறக்கும்போதே பெரிய உடம்பு. இரண்டு நாள் நோவுக்குப் பிறகு ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். உடம்பு இன்னும் புண்ணாக இருக்கிறது, ஆறிவிடும் என்று நினைத்தேன். மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தேன், ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தேன். அவன் பல் முளைத்து, பிடித்து நடக்கத் தொடங்கியும் ஆறவில்லை. எப்போதும் ஒழுகியிருந்தால்கூட ஒரு வழி இருந்திருக்கும். ஓயாமல் சொட்டுகிறவர்களுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். எனக்கு அப்படியில்லை. இருமினால், தும்மினால், சிரித்தால், பிள்ளையைத் தூக்கினால் மட்டும். சும்மா இருந்தால் ஒன்றுமில்லை. அந்தச் சலுகை எனக்குச் சேருமா சேராதா என்று யாரிடம் கேட்பது? ஆண்களிடம் கேட்கிற கேள்வியா அது?

ஆகவே கேட்காமல், சந்தேகம் வந்த ஒவ்வொரு தடவையும் திருப்பித் தொழுதேன். சந்தேகம் எப்போதும் வந்தது. நனைந்ததா, நனைந்ததுபோல் தோன்றியதா? எழுந்து போய்ப் பார்ப்பேன். துணி காய்ந்திருக்கும். அப்படியென்றால் முறித்தது பிழையல்லவா என்று அடுத்த பயம் பிடிக்கும்.

நாங்கள் மூதூரில் இருந்தோம். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு எனக்குச் சீதனமாகத் தந்தது. கணவர் கல்யாணத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர். உம்மா அதே வளவில் பின்பக்கம் ஒரு அறையும் குசினியும் கட்டிக்கொண்டு இருந்தார். கணவருக்குத் திருகோணமலையில் துறைமுகக் கந்தோரில் வேலை. காலை லோஞ்சில் குடாவைக் கடந்து போய்ப் பின்னேரம் திரும்புவார். அவர் வீட்டில் இல்லாத நேரத்தில்தான் நான் துணிகளைத் துவைத்துக் காயப்போடுவேன். பழைய சாரனைக் கிழித்த ஐந்து துண்டுகள். கொடியில் அவற்றின்மேல் உம்மாவின் சேலையை விரித்துவிடுவேன். வெயில் படாமல் அவை காய்வதற்கு நேரம் எடுத்தது. லோஞ்சு வரும் நேரம் நெருங்கினால் ஈரத்தோடேயே எடுத்து அலுமாரிக்கு அடியில் வைத்துவிடுவேன்.

உம்மாவுக்கு நான் கிணற்றடிக்கு ஓடுவதுதான் தெரிந்தது, காரணம் தெரியவில்லை.

"கிணறு வத்திப் போகும் புள்ள, நீ ஒழு எடுக்கிற எடுப்புக்கு. ஒரு தொழுகைக்கு மூணு தரமா? உனக்கு வஸ்வாஸ் புடிச்சிருக்கு."

ஷைத்தான் மனத்தில் போடுகிற ஓயாத சந்தேகத்தைத்தான் வஸ்வாஸ் என்பார்கள். உம்மா சொன்னதில் பாதி உண்மை இருந்தது.

தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். நோன்பு இல்லாத நாளிலும் நோன்பாளியைப்போல் இருந்தேன். கிணற்றில் அரை வாளிதான் இழுப்பேன். மிளகாய் வறுக்கும் வேலையை உம்மாவிடம் தள்ளிவிட்டேன். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினேன். என்னோடு படித்தவர்கள் ஒன்றுகூடினால் சிரிக்காமல் இருக்க முடியாது, சிரித்தால் எழும்ப முடியாது. எஸ்.எஸ்.சி. படித்தவளுக்குப் பெருமை வந்துவிட்டது என்று அவர்கள் கதைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கண்டுபிடித்தது மருத்துவிச்சி அம்மா. சைக்கிளில் வீடுவீடாக வந்து பிள்ளைகளின் நிறை பார்க்கிற, ஐம்பது வயது மதிக்கத்தக்க தமிழ் அம்மா. கூரை வளையில் தராசைக் கொழுவி மகனைத் துணித்தொட்டிலில் தொங்கவிட்டிருந்தார். அவன் உதைத்த உதையில் வளையிலிருந்து தூசி கொட்டியது. எனக்குத் தும்மல் வந்தது. தும்முவதற்கு முன் நான் வழக்கம்போல் ஒரு காலை மற்றக் காலோடு பின்னிக்கொண்டேன்.

அவர் நிறையை எழுதிவிட்டு, தலையை உயர்த்தாமலே கேட்டார்.

"தும்ம ஏன் பிள்ளை காலைப் பின்னினீங்கள்?"

"சும்மா."

"சும்மா ஒருத்தரும் காலைப் பின்னுறேல்லை. நான் இந்த ஊரில எத்தினை பிள்ளையளை ஏந்தினனான். எனக்கு நடிச்சுக் காட்டாதைங்கோ. சலம் போகுதோ?"

"ஓம்" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு ஒன்றரை வருடம் எடுத்திருந்தது.

அவர் சிரிக்கவில்லை, அனுதாபமும் காட்டவில்லை. பல்வலிக்கு வழி சொல்வதுபோல் சொன்னார். சலத்தை மறிப்பதுபோல் உள்ளே இறுக்கிப் பிடித்து, பத்து எண்ணி விடவேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது தரம். "குசினிக்குள்ள நிண்டும் செய்யலாம், தொழேக்கயும் செய்யலாம், ஆருக்கும் தெரியாது." தொழும்போது செய்தால் கவனம் கெட்டுத் தொழுகை குறையாதா என்று அவரிடம் கேட்க வாயெடுத்து, விட்டுவிட்டேன். மூன்று மாதம் செய்தேன். தும்மலுக்குக் கொஞ்சம் குறைந்தது. பிள்ளையைத் தூக்கும்போது குறையவில்லை. அதன்பிறகு அவர் ஒரு கடிதம் எழுதித் தந்து, திருகோணமலை ஆஸ்பத்திரியில் பெண்கள் வருத்தங்களுக்கான கிளினிக் நடக்கும் நாளையும் சொன்னார்.

"இதுக்கு ஒப்பரேசன் இருக்குது பிள்ளை. பயப்பிடாமல் போங்கோ."

தனியாகக் குடாவைக் கடந்து போக முடியாது. உம்மாவிடம் சொல்லவேண்டி வந்தது.

"இதென்ன புதினம்!" என்றார் உம்மா. "புள்ள பெத்தாக் கொஞ்சம் கசியும்தான். நாங்களெல்லாம் ஆரிட்டப் போய்க் காட்டின?"

"அப்ப நீங்க எப்பிடித் தொழுதீங்க உம்மா?"

உம்மா அரிசியைக் களைந்துகொண்டிருந்தார். தண்ணீரை வடித்து, இன்னொரு தரம் தண்ணீர் விட்டுக் களைந்தார். பிறகு, "எத்தனை மணி லோஞ்சு?" என்று கேட்டார்.

அந்த முதல் பயணத்தில் நான் செய்த பிழை, எங்களைப்போல் வளர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடியது. ஒரு அந்நிய ஆணின் முன், டொக்டரானாலும், அசுத்தமாய்ப் போய் நிற்க முடியுமா? முதல் நாள் பின்னேரத்திலிருந்து தண்ணீர் வாயில் படவில்லை. லோஞ்சில் அலை அடிக்கும் என்று தேத்தண்ணியும் குடிக்கவில்லை. கணவரிடம் உம்மாவின் சாச்சியை, அதாவது சின்னம்மாவைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி, அவர் போகிற லோஞ்சுக்கு முந்தினதில் போனோம். திருகோணமலையில் இறங்கியதும், சாச்சி வீடு கிட்ட இருந்ததால், அங்கே போய்க் கக்கூசுக்கு இருந்து, மூன்று தரம் கழுவி, புதிதாய் ஒழு எடுத்து, புதுத் துணி உடுத்திக்கொண்டு போனேன். உம்மா வாசலில் நின்று, "சுத்தமாப் போயிட்டியா?" என்று கேட்டு உறுதிப்படுத்தினார்.

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பேச்சுப் பேசும் நடுவயதுக்காரர். மிசி என்று நாங்கள் கூப்பிடுகிற தாதி ஒருவர் திரைக்குள் என்னைப் படுக்கவைத்து, இடுப்புக்கு மேல் ஒரு வெள்ளைத் துணியை உயர்த்திக் கட்டினார். டொக்டருடைய முகம் எனக்குத் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"இருமுங்கோ அம்மா."

இருமினேன்.

"பலமா."

பலமாக இருமினேன். ஒரு சொட்டும் வரவில்லை. எழுந்து நின்று இருமச் சொன்னார். அப்போதும் வரவில்லை. எனக்குள் ஒரு மடத்தனமான சந்தோசம் வந்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. பரீட்சையில் சித்தியடைந்தவளைப்போல் நின்றேன்.

"ஒண்டும் காணேல்லை அம்மா. கொஞ்சநாள் பாப்பம்" என்று அவர் கிளினிக் அட்டையில் எழுதினார்.

திரும்பி வரும்போது லோஞ்சு ஒரு அலையில் ஏறி விழுந்தது. உம்மா என் கையைப் பிடித்தார். சாச்சி வீட்டில் பகல் சாப்பாட்டோடு நான் இரண்டு கோப்பை தண்ணீர் குடித்திருந்தேன். பலகையில் உட்கார்ந்தபடியே நனைந்தேன். டொக்டர் ஒன்றுமில்லை என்று எழுதி மூன்று மணித்தியாலம் ஆகவில்லை. அப்போதுதான் பயந்தேன். இனி யார் நம்புவார்கள்? நானே என்னை எந்த அளவுக்கு நம்பலாம்? உம்மா சொல்வதுபோல் எல்லாம் மனத்தில்தானோ? நனைந்த சேலை தொடையில் ஒட்டிக்கொண்டிருக்க, அதையும் யோசித்தேன்.

மருத்துவிச்சி அம்மா கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"வெறும் சலப்பையோட போனனீங்களோ? குடத்தைக் கவிட்டு வச்சிட்டு ஓட்டை இருக்கோ எண்டு பாத்தால் தெரியுமோ?"

"சுத்தமாப் போகணுமே அம்மா."

"இந்த முறை அழுக்காப் போங்கோ. நாலு கோப்பை தண்ணி குடிச்சு, போகாமல் அடக்கிக்கொண்டு போங்கோ."

இரண்டாவது பயணத்தைப்பற்றி என்ன சொல்ல? உம்மா போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து இறங்குதுறையில் என் வாயில் ஊற்றாத குறை. குடியென்று அவரும் ஏலாதென்று நானும் நிற்க, பக்கத்தில் மீன்கூடையோடு நின்ற ஒரு பொம்பிளை, "புள்ளைக்கு என்ன, வெயில் பட்டதா?" என்று கேட்டாள்.

"வெயில்தான், வெயில்தான்" என்றார் உம்மா, விடியற்காலைக் குளிர்காற்றில் நின்றுகொண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடாது என்று கையைக் கடித்தேன்.

லோஞ்சில் முழுநேரமும் தொடையை இறுக்கிக்கொண்டு வடக்கே கோணேசர் மலையைப் பார்த்தபடி இருந்தேன். கிளினிக்கில் எனக்கு முன்னால் பதினொரு பேர். உம்மா ஒவ்வொருவரிடமும் போய், "மகளுக்கு அவசரம், கொஞ்சம் விடுங்க" என்று கேட்டார். என்ன அவசரம் என்று கேட்டவளுக்கு, "என்ட வயசுக்கு வா, சொல்லுறன்" என்றார். அவளுக்கு உம்மாவைவிட வயது கூட.

திரைக்குள் நின்று இருமினேன். மறுபடியும் ஒன்றும் வரவில்லை.

இருமுவதற்கு முன் நான் இறுக்குகிறேன் என்பது எனக்கே தெரியாது. இரண்டு வருடம் உடம்பு தானாகப் பழகிய காவல் அது. மிசிதான் கவனித்தார்.

"இறுக்காதீங்க. விடுங்க."

"ஏலாது மிசி."

"உங்கட கடைக்குட்டிக்கு என்ன வயசு?"

"ரெண்டு ஆகப்போகுது."

"குண்டனா?"

"ஓம்."

"அவனைத் தூக்குற மாதிரிக் குனிஞ்சு தூக்குங்க, பாப்பம். தூக்கிக்கொண்டு இருமுங்க."

வெறுங்கையோடு குனிந்து, இல்லாத பிள்ளையைத் தூக்கினேன். கை அவனுடைய பாரத்தை நினைத்துக்கொண்டது. அந்த நேரம் இருமினேன். ஆஸ்பத்திரிச் சீமெந்துத் தரையில், டொக்டரின் சப்பாத்துக்கு ஒரு முழம் தள்ளி, அது கொட்டியது. எல்லாருக்கும் கேட்டது. அந்த இடத்திலேயே நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது.

"ஆ, நல்லது!" என்றார் டொக்டர். உண்மையான சந்தோசம் குரலில் இருந்தது. "இதைத்தானே போன முறை தேடினனான்."

இரண்டு வருடம் நான் சேலைக்கு அடியில் ஒளித்ததைக் கண்டு ஒருவர் சந்தோசப்படுவார் என்று நான் நினைத்திருக்கவில்லை. அழத் தொடங்கினேன். அழுதால் கூடப் போகும் என்று நிறுத்தினேன்.

பிறகு படுக்கவைத்து, சலப்பையின் கழுத்தை இரண்டு விரலால் உள்ளிருந்து தாங்கிப் பிடித்து இருமச் சொன்னார். பலமாக இருமினேன். ஒரு சொட்டும் இல்லை. விரலை எடுத்தார். இருமினேன், வந்தது. "பாத்தீங்களோ, தூக்கிப் பிடிச்சால் நிக்குது. அடிவயித்தைக் கீறி, அந்தக் கழுத்தைத் தூக்கி முன்னெலும்புப் பக்கம் தைச்சு விடுவம். என்ர விரல் செய்த வேலையைத் தையல் செய்யும்." பிறகு ஒன்று கேட்டார். "இன்னும் பிள்ளை வேணுமோ? பெத்தால் தையல் விட்டுப்போகலாம். யோசிச்சு வாங்கோ. கணவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, கையெழுத்து வைக்கவேணும்."

அன்று பின்னேரம் கணவரிடம் சொன்னேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தேன்.

"இதுக்குத்தானா நீ பிள்ளைகளோட தனிப் பாயில படுத்த?"

"ஓம்."

"நான் ஏதோ பிழை செஞ்சிட்டன், உனக்கு என்னைப் புடிக்கல்ல எண்டு நினைச்சன். கந்தோருல இருந்து அதைத்தான் யோசிப்பன்."

பிள்ளை பற்றிக் கேட்டேன். "ரெண்டு காணும்" என்றார். அவர் அவ்வளவு கெதியில் சொன்னதுகூட எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. எனக்காகச் சொல்கிறாரோ, பிறகு மனவருத்தப்படுவாரோ?

ஆஸ்பத்திரி வாட்டில் சேரும் நாள் வரைக்கும் என்னை அரித்தது வேறு பயம். மயக்கத்திலிருந்து எழும்பாமல் போனவர்களின் கதை எல்லா ஊரிலும் உண்டு, எங்கள் ஊரிலும் உண்டு. எனக்குக் காய்ச்சல் இல்லை, கட்டி இல்லை. சாகிற வருத்தம் இல்லை. சில சொட்டுத் தண்ணீருக்காக இரண்டு பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு வயிற்றைக் கீறக் கொடுப்பது சரியா? பேராசையா? பிறகு மகனைத் தூக்குவேன், நனையும், சரிதான் என்று தோன்றும். கழுவிக் காய்ந்ததும் மறுபடி பிழை என்று தோன்றும்.

ஒப்பரேசனைப்பற்றி எனக்கு நினைவிருப்பது குறைவு. கண் விழித்தபோது அடிவயிற்றில் நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. கட்டிலோரம் ஒரு போத்தல், அதற்குள் குழாய் வழியாக என் சலம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஐந்து நாளும் நான் நனையவில்லை. ஆனால் அது குழாயின் கெட்டித்தனம், என்னுடையதல்ல என்று எனக்குத் தெரியும்.

ஆறாம் நாள் காலையில் குழாயைக் கழற்றினார்கள். "பகலுக்குள்ள நீங்களாப் போகணும். போகாட்டித் திரும்பப் போடவேண்டி வரும்" என்றார் மிசி.

போகவில்லை. தண்ணீர் குடித்தேன். கக்கூசில் குந்தியிருந்தேன். வயிறு கல்லாக நின்றது. வரவேண்டாம் வரவேண்டாம் என்று இரண்டு வருடம் கெஞ்சிய எனக்கு இப்போது வரச்சொல்லித் தெரியவில்லை. அதிகமாகத் தைத்துவிட்டார்களோ? வாழ்நாள் முழுக்கக் குழாயோடு இருப்பேனோ? அன்று என்னைப் பார்க்க வந்திருந்த உம்மா கதவுக்கு வெளியே நின்று ஓதினார், பிறகு ஏசினார்.

"வராட்டி வீட்ட போக ஏலா புள்ள. மகன் சாப்பிடுறானில்ல."

"அப்பிடிச் சொன்னா வருமா உம்மா?"

"அப்ப என்னத்தச் சொல்ல? ஊர்ப் புதினம் சொல்லட்டா?"

சொன்னார். கோழிக்கூட்டுக்குள் பாம்பு வந்ததையும், என் கணவர் மாமியாரிடம் நேரே பேசக் கூச்சப்பட்டு, "ஆராவது உப்புக் கொண்டாந்தா நல்லம்" என்று சுவரோடு கதைத்ததையும், உம்மா "சுவரே, உப்பு இந்தா" என்று கொடுத்ததையும் சொன்னார். நான் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடிந்து ஒரு பெருமூச்சு விட்டபோது, நான் கேட்காமலே, மெல்லிய நூலாக அது வரத் தொடங்கியது. வந்து முடிந்தது. முடிந்தபிறகு நின்றும்விட்டது.

சிரித்தபோது ஒரு சொட்டும் வரவில்லை என்பது கட்டிலில் வந்து படுத்தபிறகுதான் விளங்கியது.

மூன்று மாதம் பாரம் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மூதூர் இறங்குதுறையில் மகன் என்னைக் கண்டு இரண்டு கையையும் நீட்டினான். நான் குனியவில்லை. கொஞ்சநேரம் கையை நீட்டிக்கொண்டே நின்றான். பிறகு முகத்தைத் திருப்பி வாப்பாவின் காலைக் கட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு பல நாள் அவன் என்னிடம் தூக்கச்சொல்லிக் கேட்கவில்லை. அதைப்பற்றி எழுதினால் நீண்டுபோகும்.

அதுவரை கதிரையில் உட்கார்ந்துதான் தொழுதேன். கிளினிக்கில் காட்டி, இனிக் குனியலாம் என்று சொன்ன பிறகு, ஒரு பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாயை விரித்தேன். குனிந்தேன், நிமிர்ந்தேன், நெற்றியை நிலத்தில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து மகன் எங்கிருந்தோ ஓடிவந்து என் முதுகில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டான். முழுப் பாரமும் என்மேல். தையல் அறுமோ? நான் அசையவில்லை. அவன் குதிரை ஓட்டினான். குசினி வாசலில் நின்ற உம்மா, "இறங்கடா, உம்மாக்கு வயிறு நோகும்" என்று கத்தினார். அவன் இறங்கும்வரை நெற்றியை நிலத்திலேயே வைத்திருந்தேன்.

தொழுது முடித்தேன். எழுந்து போய்ப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. கால் எழும்பவும் பார்த்தது. பாயின் ஓரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு, பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பொழுதுபட்டு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அதற்குப் பிறகும் பல மாதம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.